பெரும்பத்தனின் உரைகல்

பினாங்கிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குளோங் தோம் என்றோர் ஊர் வரும். அங்குள்ள பௌத்த மடத்தின் அருங்காட்சியகத்துக்கு உரியது ஒரு சிறு கல். பொற்கொல்லர் பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் கல் அது. அதில் தமிழி, அதாவது தமிழ்ப் பிராமி எழுத்தில் இரண்டே சொற்கள் பொறித்திருக்கின்றன: 'பெரும்பதன் கல்'. எழுத்தின் வடிவை வைத்து கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்று காலம் கணிக்கிறார்கள். அந்தக் காலத்து எழுத்தில் இரட்டிக்கும் ஒற்றை எழுதாமல் விடுவது பரவலான வழக்கம். அதனால் 'பதன்' என்றிருப்பதைப் 'பத்தன்' என்று கொள்ளலாம். பொற்கொல்லரைப் பத்தர் என்று சொல்லும் வழக்கு தமிழில் இன்னும் அழியவில்லை. பெரும்பத்தன் என்பது அவனுடைய பெயரா, தொழிலில் மூத்தவன் என்ற பட்டமா என்பது வேறு விஷயம். இந்தக் கல் என்னுடையது என்று ஒரு தொழிலாளி எழுதி வைத்திருக்கிறான். இந்த வட்டாரத்தில் கிடைத்த தமிழ் எழுத்துகளில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று.

மலேசியத் தமிழரின் பழைய வரலாற்றைப் பேச வந்தால் நாம் பெரும்பாலும் 1025இல்தான் தொடங்குகிறோம். முதலாம் ராஜேந்திரனின் கப்பற்படை வந்தது, கடாரம் விழுந்தது, தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லில் அந்த வெற்றி மெய்க்கீர்த்தியாக ஏறியது. அந்த மெய்க்கீர்த்தியின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. கீழைக்கடலின் துறைமுகங்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் குறிக்கும் ஆவணம் அது. ஆனால் அங்கே யார் குடியிருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று கேட்டால் அது வாய் திறப்பதில்லை. வென்றவன் பெயரும் வெல்லப்பட்ட ஊர்களின் பெயர்களும்தான் மிஞ்சுகின்றன. தமிழர் இக்கரையில் வாழ்ந்தார்கள் என்பதற்கு, அதற்கு அறுநூறு எழுநூறு ஆண்டுகள் முந்திய ஒரு தட்டானின் உரைகல் மெய்க்கீர்த்தியைவிட வலுவான சாட்சி என்பது என் துணிபு. எழுத்தின் நீளத்திலோ சொல்லின் அழகிலோ அந்த வலு இல்லை. எழுதிய கை, எழுதப்பட்ட பொருள், எழுதிய காரணம் ஆகிய மூன்றும் ஒரே மனிதனிடம் சேர்ந்திருப்பதில் இருக்கிறது.

இப்படிப் படிக்கும் முறையை உலகத்துக்குக் கற்றுத் தந்தவர்கள் பெரும்பாலும் லத்தீன் கல்வெட்டு அறிஞர்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்தின் சுவர்களில் ஆயிரக்கணக்கான கிறுக்கல்களும் சாயத்தால் எழுதிய அறிவிப்புகளும் கிடைத்தன. பழம் விற்பவர்களும் வண்ணார்களும் இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு வீட்டுச் சுவரில் நூல் நூற்கும் பெண்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருத்திக்கும் நிறுத்துக் கொடுத்த கம்பளியின் அளவைக் குறித்திருக்கிறார்கள். ரோமப் பேரரசின் சட்டநூல்கள் எதிலும் அந்தப் பெண்கள் இல்லை. அந்தப் பட்டியலும் ஓர் ஏட்டில் தனியாகக் கிடைத்திருந்தால் வெறும் பெயர்களாகவே நின்றிருக்கும். சுவரில் கிடைத்ததால்தான் எந்த வீட்டில், எந்த முற்றத்தில் அந்த வேலை நடந்தது என்று தெரிந்தது. பேரரசின் மறுகோடியில், வட இங்கிலாந்தின் விண்டொலாண்டா கோட்டையில், மெல்லிய மரப்பலகைகளில் மையால் எழுதிய கடிதங்கள் 1973 முதல் கிடைத்து வருகின்றன. அவற்றில் ஒன்று, ஏறத்தாழ கி.பி. 100இல், கிளாடியா செவெரா என்ற பெண் தன் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதியது. கடிதத்தை எழுத்தர் ஒருவர் எழுத, கடைசி வரிகளை அவளே தன் கையால் சேர்த்திருக்கிறாள். கையெழுத்து மாறும் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஆய்வாளர்கள் அந்தச் சில வரிகளைப் போற்றுவதற்கு அதுதான் காரணம்.

தமிழ்நாட்டில் சுவர் மிஞ்சவில்லை, ஆனால் பானை மிஞ்சியது. கொடுமணலில் நூற்றுக்கணக்கான ஓடுகளில் தமிழி எழுத்து கிடைத்திருக்கிறது. கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள். மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகையில், சமண முனிவர்களுக்குப் படுக்கை செய்து கொடுத்தவர்களின் பெயர்களைப் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். அங்கே வேந்தர் எவரும் இல்லை. உப்பு வணிகன் இருக்கிறான், கொழு விற்கும் இரும்பு வணிகன் இருக்கிறான், அறுவை வணிகன் என்று துணி விற்றவன் இருக்கிறான், மதுரையிலிருந்து வந்த பொற்கொல்லனும் இருக்கிறான். ஊர்ச் சந்தையே ஒரு குகையின் வாசலில் வந்து நின்றது போல ஒரு பட்டியல். கிராபி உரைகல்லின் பெரும்பத்தனுக்குச் சில நூற்றாண்டுகள் முந்திய தொழில் மூதாதை அந்த மதுரைக்காரன்.

கடல் தாண்டியும் இந்த எழுத்து போனது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில், பழைய மியோஸ் ஹோர்மோஸில், கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்தன. அதே ஊரில் கிடைத்த இன்னொரு ஓட்டில் 'பானை ஒறி' என்று எழுதியிருந்தது. ஒறி என்பது நம் உறிதான். எலிக்கும் எறும்புக்கும் எட்டாமல் கயிற்று வலையில் பானையைத் தொங்கவிடும் அந்த உறியைக் குறித்த சொல், கி.மு. முதல் நூற்றாண்டு எழுத்தமைதியில் எகிப்தின் கடற்கரையில் கிடக்கிறது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் இதைப் படித்துச் சொன்னபோது, தமிழ் வாசகர்கள் பலருக்கு அகராதியைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. அந்தப் பக்கத்துச் செய்தி இப்படியென்றால், இந்தப் பக்கத்துச் செய்தி அதற்கு இணையானது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டியபோது, இத்தாலியில் செய்த சிவப்புத் தட்டுகளின் அடியில் குயவர்களின் லத்தீன் முத்திரைகள் கிடைத்தன. ஒரே மண்ணில் ரோமக் குயவனின் பெயரும் தமிழிப் பெயர் எழுதிய ஓடுகளும். கடல் வாணிகத்தை இரு கரையிலும் தூக்கிச் சுமந்தவர்கள் இப்படித்தான் நமக்குத் தெரிய வருகிறார்கள்.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும், அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு பெயரிலிருந்து என்ன வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள முடியும்? ஆதன் என்று ஓட்டில் இருந்தால், ஆதன் என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு மேல் என்ன சொல்லிவிட முடியும்? மீதியெல்லாம் நம் ஆசையின் கற்பனை அல்லவா? தனி ஓட்டை வைத்துப் பேசினால் இந்த மறுப்பு முழுக்கச் சரி. பானை உடைந்து, மண்ணில் புரண்டு, எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாமல் கைக்கு வந்த ஓடு ஏறக்குறைய ஊமைதான். ஆனால் கொடுமணல் ஓடுகள் அப்படிக் கிடைத்தவை அல்ல. மணிக்கல் பட்டை தீட்டிய இடங்களும் இரும்பு உருக்கிய உலைகளும் இருந்த குடியிருப்பில் அவை கிடைத்தன. பெயரோடு பட்டறையும் சேர்ந்து வருகிறது. அங்கே விசாகி, வாருணி போன்ற வடபுலச் சாயல் உள்ள பெயர்கள் தமிழ்ப் பெயர்களோடு கலந்திருப்பது, பட்டறைத் தெருவில் வெளியூர்க்காரர்களும் இருந்திருக்கலாம் என்ற கேள்வியை எழுப்புகிறது. இவ்வளவுதான் சொல்லலாம், இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். ஆனால் இவ்வளவும் வேறு எந்த மூலத்திலிருந்தும் கிடைக்காதவை.

உரைகல்லையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். கல் மட்டும் கைமாறிக் கைமாறி வந்திருக்கலாமே, பெரும்பத்தன் காவிரிக்கரையிலேயே இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். நடக்க முடியாததில்லை. ஆனால் அது கிடைத்த மேட்டுக்கு உள்ளூரில் வழங்கும் பெயரே மணிமேடு என்று பொருள்படுவது. மணிகளும் மணி செய்த கழிவும் குவிந்து கிடந்த கைவினையாளர் ஊர் அது. அதோடு உரைகல் என்பது விற்பனைச் சரக்கு அல்ல, கருவி. பொன்னைக் கல்லில் இழுத்து, மாற்றுத் தெரிந்த இன்னொரு பொன்னின் கோட்டையும் பக்கத்தில் இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டுச் சொல்வதே தொழில். கோடு எல்லாருக்கும் தெரியும், வித்தியாசம் பழகிய கண்ணுக்கு மட்டுமே தெரியும். அந்தக் கண்ணை நம்பித்தான் பொன்னை வாங்குபவனும் விற்பவனும் எதிரெதிரே உட்காருகிறார்கள். அப்படிப்பட்ட கருவி உடையவனின் மடியிலேயே பயணம் போகும் என்று நினைப்பதுதான் இயல்பு. பெயர் எழுதியதற்கும் காரணம் வேண்டும். தனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் ஒரு கீறல் போதும். எழுத்தால் எழுதுகிறவன், அதைப் படிக்கக்கூடிய இன்னொருவன் பக்கத்தில் இருக்கிறான் என்று எண்ணியே எழுதுகிறான். அந்த மேட்டில்தான் எழுதினான் என்றால், அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் குறைந்தது இருவர். இது ஊகமே. ஆனால் பொருளிலிருந்து எழும் ஊகம்.

பினாங்கின் மண்ணிலேயே கிடைத்த சான்று இன்னும் நெருக்கமானது. 1834இல் கேப்டன் ஜேம்ஸ் லோ செபராங் பிறையில் ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். அது இப்போது கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு தூபி, அதன் மேல் அடுக்கடுக்காகக் குடைகள். இரு பக்கமும் எழுத்து. மொழி வடமொழி, எழுத்து பல்லவ எழுத்துக்கு உறவான தென்னக வரிவடிவம், காலம் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு. வினை எப்படிச் சேர்கிறது, எப்படி அறுகிறது என்று சொல்லும் பௌத்தச் செய்யுள் ஒன்று அதில் இருக்கிறது. அதே செய்யுள் கெடாவின் புக்கிட் மெரியாமிலும் சுங்கை மாஸிலும் கிடைத்திருப்பதால், அது இக்கரையில் பலரும் அறிந்த மந்திரம் போல வழங்கியது என்று தெரிகிறது. மீதி எழுத்து ஒரு தனி மனிதனுடையது. ரக்தமிருத்திகையைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தன், அதாவது கப்பல் தலைவன் ஒருவன். எல்லாரும், எல்லா வகையிலும், போன காரியம் கைகூடித் திரும்ப வேண்டும் என்பது வேண்டுதல்.

தமிழும் இல்லை, தமிழனும் இல்லை, இது நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ரக்தமிருத்திகை என்றால் செம்மண். வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் இருந்த அந்தப் பெயருள்ள மடத்தோடு அதைப் பலர் இணைக்கிறார்கள். தீபகற்பத்திலேயே இருந்த செம்மண் நாடு என்பாரும் உண்டு. எதுவானாலும், தென்னாட்டு எழுத்தில், வடமொழியில், பௌத்தன் ஒருவன் பினாங்குக் கரையில் நின்று வேண்டுகிறான். அந்தக் கலப்பே இக்கரையின் அன்றாடம். ஒரு காற்றில் வந்து இறங்கி, திரும்பும் காற்று வீசும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, பல ஊர்க்காரர்களோடு தண்ணீரும் அரிசியும் பங்கிட்ட இடம் இது. இங்கே தமிழரை மட்டும் தேடினால் தமிழரும் சரியாகத் தெரிய மாட்டார்கள். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் ஆய்வுகளை நடத்திவரும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருப்பது பினாங்கில்தான். 2023இல் அதன் குழு புக்கிட் சோராஸில் தோண்டியபோது பல்லவ எழுத்துப் பொறித்த பௌத்தக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஆனால் அதே வட்டாரத்தில் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கியவர்கள் உலைகளையும் கசடுகளையும் ஊதுகுழல்களையும் குவியல் குவியலாக விட்டுப் போயிருந்தும், தங்கள் பெயரை விட்டுப் போகவில்லை. எழுத்தை மட்டுமே நம்பினால் அவர்கள் கணக்கில் வராமல் போவார்கள். என் வாதத்தின் எல்லை அந்த உலைகளோடு முடிகிறது. எழுதியவர்களின் அன்றாடத்தைத்தான் எழுத்து தரும். எழுதாதவர்களுக்கு உலையும் கசடும்தான் சாட்சி.

இன்னொரு மறுப்பு தஞ்சையிலிருந்தே வருகிறது, அதுவும் நியாயமானது. அரசர் கல்வெட்டில் எளியவர்கள் இல்லை என்று யார் சொன்னது? ராஜராஜன் தன் கோயிலில் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், ஊர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்று ஒன்று விடாமல் கல்லில் வெட்டியிருக்கிறானே! ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பது வரை இருக்கிறதே! உண்மை. உலகில் வேறெங்கும் அந்தக் காலத்துப் பெண் கலைஞர்களின் இப்படியொரு பட்டியல் இருப்பது அரிது. ஆனால் அது கோயிலின் கணக்கு. அவர்களை அங்கே கொண்டுவந்தவனின் கை எழுதியது. தாங்கள் வந்த ஊர்களை விட்டுப் பிரிந்ததைப் பற்றி அந்தப் பெண்களில் ஒருத்தியாவது ஒரு சொல் எழுதியிருந்தால், அதற்காக அந்தச் சுவர் முழுவதையும் ஈடாகக் கொடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவை வணிகக் குழுக்களின் கல்வெட்டுகள். தாய்லாந்தின் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் விட்டதைச் சொல்கிறது. கடல் கடந்து வந்தவர்கள் குளம் வெட்டியிருக்கிறார்கள் என்றால், அங்கே தங்கிக் குடிக்கத் தண்ணீர் தேவைப்பட்டவர்கள் இருந்தார்கள். சுமத்திராவின் பாருஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வந்திறங்கும் கப்பல்காரர்கள் கட்ட வேண்டியதைக் கஸ்தூரியின் விலையை ஒட்டிப் பொன்னாக விதிக்கிறார்கள். அந்தப் பொன்னின் மாற்றைப் பார்க்க, அங்கேயும் யாரோ ஒருவர் உரைகல்லோடு உட்கார்ந்திருந்திருப்பார்.

எழுதிய கை யாருடையது என்ற கேள்வி பினாங்குக்கு வரும்போது வலிக்கிற கேள்வியாகிவிடுகிறது. பிரான்சிஸ் லைட் 1786இல் இந்தத் தீவில் கொடி ஏற்றி, 1794இல் இறந்து, ஜார்ஜ் டவுனின் பழைய புராட்டஸ்டண்ட் கல்லறையில் பெயரோடு கிடக்கிறார். 1790களில் தொடங்கி 1860கள் வரை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். காட்டை வெட்டியும் சாலை போட்டும் இந்த ஊரை ஊராக்கியவர்களில் அவர்களும் உண்டு. 1849இல் ஒழிக்கப்படும் வரை, இந்தியாவில் ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் சட்டம் இருந்தது. அதையும் நான் ஒரு கல்வெட்டாகவே எண்ணுகிறேன். பெரும்பத்தன் தன் கையால் தன் கருவியில் எழுதிக்கொண்டான். இவர்களுக்கோ இன்னொருவன் கை அவர்கள் நெற்றியிலேயே எழுதியது. அதைக் கண்ணாடியில்லாமல் அவர்களால் படிக்கவும் முடியாது, எதிரே வரும் ஒவ்வொருவரும் படிப்பார்கள். இரண்டும் எழுத்துத்தான், இரண்டும் எளியவர்களைப் பற்றியதுதான். எளியவர்களைக் குறிக்கிற எழுத்து எல்லாம் ஒரே மதிப்புடையது என்று கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

சாம்பல் மூடியதால் பொம்பெயி பிழைத்தது. மழையும் உப்புக் காற்றும் வீசுகிற இந்தத் தீவில் ஓலை மக்கும், மரப்பலகையைச் செல்லரிக்கும், சுண்ணாம்புச் சுவரை வருடந்தோறும் வெள்ளையடிப்பார்கள். எழுத்து குறைவாகக் கிடைப்பதை வைத்து எழுதத் தெரிந்தவர் குறைவு என்று முடிவு கட்டினால் அது பிழை. ஆனால் நம் காலத்தில் அழிவதற்குத் தட்பவெப்பம் மட்டும் காரணமில்லை. குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், சூலியா தெருவின் நாகூர் தர்கா, நகரெங்கும் உள்ள சிறு கோயில்கள், பள்ளிவாசல்கள், சுடுகாடுகள், அடக்கத்தலங்கள் ஆகிய இடங்களே இந்த ஊரின் தமிழ் எழுத்தைத் தேட வேண்டிய இடங்கள். உபயக்கல்லில் பெயரோடு சொந்த ஊரும் தொழிலும் இருக்கும். சிலவற்றில் எழுத்துப்பிழை இருக்கும். பிழையிலிருந்து அந்த மனிதர் எப்படிப் பேசினார் என்பது தெரியும், ஆகவே அதைத் திருத்தாமல் அப்படியே படியெடுக்க வேண்டும். திருப்பணி நடக்கும்போது பழைய பலகையைப் பெயர்த்துவிட்டுப் புதிய பளிங்கில் நிர்வாகக்குழுவின் பெயர்களை ஏற்றுவது எங்கும் நடப்பதுதான். 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியபின் கட்டடங்களின் முகப்புக்குக் கிடைத்த கவனம், இந்தச் சிறு பலகைகளுக்கும் கிடைக்க வேண்டும். வேலையும் பெரிதல்ல. பலகையை அசைப்பதற்கு முன் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம், ஒரு மைப்படி, எந்தச் சுவரில் எந்த உயரத்தில் இருந்தது என்று ஒரு குறிப்பு.

குறிப்பு எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள புக்கிட் மெர்தாஜாம் வரை போனால் போதும். செரோக் தோக் குன்னில், புனித அன்னம்மாள் ஆலய வளாகத்தில் ஒரு பெரிய கருங்கற்பாறை இருக்கிறது. 1845இல் அதே ஜேம்ஸ் லோ அதில் பழைய எழுத்துகளைக் கண்டு படியெடுத்தார். ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு மழையில் நின்ற பாறை. எழுத்து தேய்ந்துவிட்டதால், அதில் என்ன இருந்தது என்று வாதாடுகிறவர்கள் லோவின் படியையே துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலைத் திருவிழாவுக்கு வரும் பெருங்கூட்டத்தில் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் அந்த வளாகத்தைக் கடந்து மெழுகுவத்தியோடு போகிறார்கள், திரும்பி வர வேண்டியவர்களுக்காகவும் நோய் தீர வேண்டியவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டு. பாறையில் எழுதியவர் என்ன வேண்டினார் என்பதை, அந்த எழுத்து தெளிவாக இருந்த நாட்களில் யாரும் எழுதி வைக்கவில்லை.